எப்போதும்வென்றான் முருங்கையும் பெரியகுளம் விதையும்

தூத்துக்குடி மாவட்டத்தில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிறவர்கள் பேருந்து சன்னலில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். கரிசல் சீமை, வானம் பார்த்த விவசாயம். அந்த வட்டாரத்து நாட்டு முருங்கை ஒன்றுதான் இன்று உலகின் பல நாடுகளில் பயிராகும் பி.கே.எம்.-1 முருங்கைக்குத் தாய். ஆராய்ச்சி நடந்த இடம் தேனி மாவட்டத்துப் பெரியகுளம். பெயரில் உள்ள மூன்று எழுத்தும் அந்த ஊரைத்தான் குறிக்கின்றன. 1989-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த விதையை வெளியிட்டது.

நீடித்த வளர்ச்சிக்கு 17 இலக்குகள் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் பட்டியல் போட்டது. பசி ஒழிப்பு, நலவாழ்வு, நீர், நிலம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பல்கலைக்கழகங்கள் இந்த இலக்குகளுக்கு என்ன செய்தன என்று கேட்டால், வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைத்தான் பெரும்பாலும் பதிலாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு விதை எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்குள் என்ன வேலை நடந்தது, அது யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எடுத்த ஊருக்கு என்ன திரும்பி வந்தது என்று தொடர்ந்து போய்ப் பார்த்தால் ஆராய்ச்சியின் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். பெரியகுளத்து விதை அப்படிப் பார்க்கத் தகுந்தது. அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. தீர்க்க வேண்டிய பாக்கியும் இருக்கிறது.

பெரியகுளம் கொடைக்கானல் மலையடிவாரத்தில், வராக நதிக்கரையில் உள்ள ஊர். சுற்றிலும் மாந்தோப்புகள். 1957-ல் இங்கே பழ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1971-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் கீழ் வந்தது. 1990-ல் தோட்டக்கலைக் கல்லூரியும் சேர்ந்துகொண்டது. இந்த இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது நல்வாய்ப்பு, ஏனென்றால் தேனி மாவட்டத்து நிலத்துக்கு இரண்டு முகம். மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, முல்லைப் பெரியாறாக ஓடுகிறது. அதை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல். அதற்கு மேல் வாழை, தென்னை, திராட்சை. கிழக்கே ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு பக்கம் போனால் நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவமழையை மலையின் கேரளச் சரிவே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வருவது காற்றுதான். ஆனி, ஆடியில் கம்பம் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன, வாழைத்தோப்புகள் சாய்கின்றன, மண்ணில் இருந்த கொஞ்ச ஈரமும் போய்விடுகிறது. கிணற்றில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் அதிகம் என்கிற அந்த நிலத்துக்கு, குறைந்த தண்ணீரில் சீக்கிரம் பணம் தருகிற பயிர் வேண்டும்.

முருங்கை வறட்சி தாங்கும் என்பது ஊரறிந்தது. ஆனால் பழைய மர முருங்கையைத் தோப்பாக வைப்பதில் சிக்கல்கள் இருந்தன. அதை விதை போட்டு வளர்க்க மாட்டார்கள். போத்து வெட்டி நடுவார்கள். ஒரு போத்து என்பது மூன்று நான்கு அடி நீளமுள்ள, கையளவு பருத்த கிளை. ஒரு ஏக்கருக்கு வேண்டிய போத்துகளை வெட்டி, வண்டியில் ஏற்றி, காயாமல் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு. நட்ட பிறகு காய்ப்புக்கு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். மரம் உயரமாகப் போய்விடும். காய் பறிக்கத் தொரட்டி வேண்டும். கட்டையோ வெறும் நெட்டி. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேட்ட முன்னோருக்கு அதன் பலவீனம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆடிக் காற்றில் பாதி கிளை ஒடிந்து கீழே கிடக்கும்.

அப்படியானால் ஏன் விதை போடவில்லை? காரணம் பூவில் இருக்கிறது. முருங்கைப் பூ பெரும்பாலும் வேறு மரத்து மகரந்தத்தை ஏற்றுக் காய்க்கும். விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இதில் பெரிய பங்கு வகிப்பவை தச்சன் வண்டுகள் என்று காட்டியது. உத்தரத்து மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும், கருநீலமாக மின்னும் அந்தப் பெரிய வண்டுகள்தான். அவை ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குப் பறந்துபோய் மகரந்தத்தைக் கலக்கின்றன. நல்ல மரம் என்று நம்பி அதன் விதையைப் போட்டால், அப்பன் யாரென்று தெரியாத பிள்ளைகள் பிறக்கும். ஒன்றில் காய் நீளம், ஒன்றில் குட்டை, ஒன்று கசக்கும், ஒன்று காய்க்கவே காய்க்காது. போத்து நட்டால் தாய் மரம் அப்படியே வரும். கிராமத்தார் போத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குப் பின்னால் இந்த நியாயம் இருந்தது.

பெரியகுளத்தார் இந்தக் கலப்பைத்தான் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் கையாண்ட முறைக்குத் தனிவழித் தேர்வு என்று பெயர். அதன் கோட்பாட்டை டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-ல் அவரை விதைகளை வைத்து வகுத்தார். ஒவ்வொரு பண்புக்கும் செடிக்குள் மரபணுவின் இரண்டு நகல்கள் உண்டு: ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. இரண்டும் வேறு வேறாக இருந்தால் பிள்ளைகள் பலவிதமாகப் பிரியும். ஒரே செடியின் மகரந்தத்தை அதே செடியின் பூவுக்கே கொடுத்தால், இப்படி வேறுபட்டிருக்கும் இணைகள் தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். முதல் தலைமுறையில் 50 சதவீதம் மிஞ்சும், அடுத்தது 25, பிறகு 12.5, 6.25, 3.1 என்று இறங்கி, ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய 1.6 சதவீதம். அந்த நிலையில் விதை போட்டாலும் பிள்ளை தாயைப் போலவே இருக்கும்.

காகிதத்தில் இது எளிது. தோட்டத்தில் செய்வதைப் பாருங்கள். மொட்டு விரிவதற்கு முன்பே பூங்கொத்துக்கு மெல்லிய பை கட்ட வேண்டும். வண்டு நுழையக் கூடாது. அதிகாலையில் பூ விரிந்ததும் பையை அவிழ்த்து, அதே மரத்துப் பூவின் மகரந்தத்தைச் சூலகத்தின் நுனியில் தடவி, மறுபடி கட்டி, அடையாளச் சீட்டு தொங்கவிட வேண்டும். பல பூக்கள் உதிர்ந்துபோகும். பிடித்த காய் முற்றி வெடிக்கும் வரை காக்க வேண்டும். மூன்று காகிதச் சிறகு ஒட்டிய அந்த விதைகளை எடுத்து, விதைத்து, முளைத்தவற்றில் சீக்கிரம் பூப்பது எது, நீளக் காய் எது, சதைப்பற்று எதில் என்று பார்த்து, மற்றவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தேறியதற்கு மறுபடி பை கட்ட வேண்டும். எப்போதும்வென்றான் நாட்டு ரகத்தில் இப்படி ஆறு தலைமுறை தொடர்ந்து செய்தார்கள். மூன்றாண்டில் முடிவு காட்டு என்று கேட்கும் இன்றைய ஆராய்ச்சி நிதித் திட்டங்களில் இந்த வேலைக்கு இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். அரசுச் சம்பளத்தில், ஒரே தோட்டத்தில், ஆண்டுக்கணக்கில் இருந்த மனிதர்களால்தான் இது முடிந்தது. பொதுப் பல்கலைக்கழகம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

விளைந்தது செடி முருங்கை. விதைத்த 90 முதல் 100 நாளில் பூ. ஆறு மாதத்துக்குள் முதல் அறுப்பு. காய் 65 முதல் 70 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. செடிக்கு ஆண்டுக்குச் சுமார் 220 காய். இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 1,600 செடி. 220 காயை 150 கிராமால் பெருக்கினால் செடிக்கு 33 கிலோ. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 53 டன். பல்கலைக்கழகம் சொல்லும் 50 – 55 டன் என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. இது ஆராய்ச்சித் திடலின் கணக்கு. தண்ணீரும் எருவும் ஒழுங்காகக் கிடைக்காத வயலில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் விவசாயிக்கு உண்மையான லாபம் வேறொரு எண்ணில் இருந்தது. ஒரு ஹெக்டேருக்கு அரைக் கிலோ விதை போதும். வண்டி வண்டியாக ஏற்றிய போத்துகளின் இடத்தில் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பொட்டலம்!

உயரச் சிக்கலுக்கும் வழி பிறந்தது. செடி முக்கால் மீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போது பக்கக் கிளைகள் வெடித்து, செடி படர்ந்து தாழ்வாக நிற்கும். காற்றுக்குப் பிடி குறையும், நின்றபடியே காய் பறிக்கலாம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழைய சொல்லுக்கு உயிரியல் காரணம் இருக்கிறது. நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளரூக்கி பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் அடக்குமுறையும் போகிறது. ஓர் ஆண்டுக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஒரு மீட்டர் விட்டுக் கவாத்து செய்தால் நான்கைந்து மாதத்தில் மறுதாம்புக் காய்ப்பு வரும். இப்படி மூன்று ஆண்டு வரை ஓட்டலாம்.

முருங்கையோடு இது நிற்கவில்லை. பெரியகுளத்தின் பட்டியலைப் பார்த்தால் ஊர்ப் பெயர்களாகவே வரும். பி.கே.எம்.-1 தக்காளி, தேனிக்குப் பக்கத்திலுள்ள அன்னஞ்சியின் நாட்டுத் தக்காளியில் திடீர் மரபு மாற்றம் தூண்டி எடுக்கப்பட்டது. தட்டையாக, தோளில் பச்சை படர்ந்திருக்கும் தக்காளி அது. லாரியில் தொலைதூரம் போனாலும் நசுங்காது. பி.கே.எம்.-1 புளி, பெரியகுளத்தை ஒட்டிய எண்டப்புளி ஊர்ப் புளியமரத்தின் ஒட்டுக்கன்று. விதை போட்ட புளி காய்க்க எட்டு, பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இது மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். எலுமிச்சை, கடையத்து நாட்டு ரகம். கத்தரி, மானாவாரியில் விளையும் புழுதிக் கத்தரியின் வாரிசு. முறைகள் வேறு வேறு. எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்றுதான். யாரோ பெயர் தெரியாத சம்சாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, காப்பாற்றி வைத்திருந்த ரகம் ஒன்று முதலில் இருந்தது. ஆராய்ச்சியாளர் அதை அடையாளம் கண்டு அடுத்த படிக்குக் கொண்டுபோனார்.

பி.கே.எம்.-1 முருங்கை விதை கடலும் தாண்டியது. 2001-ல் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் முருங்கை பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. ராஜாங்கம் உள்ளிட்ட பெரியகுளம் ஆய்வாளர்கள் தென்னிந்திய முருங்கைச் சாகுபடி குறித்து அங்கே அளித்த கட்டுரையை முருங்கை ஆய்வாளர்கள் பின்னர் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் நைஜர் நாட்டில், சதோரே என்ற இடத்தில் இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கிருந்து பி.கே.எம்.-1 அந்நாட்டு உழவர்களிடம் பரவியது. நம்மைப் போல அவர்கள் காயைச் சாம்பாரில் போடுவதில்லை, கீரைக்காகவே வளர்க்கிறார்கள். முருங்கை இலையை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெய் எடுத்த கடலைப் புண்ணாக்கைப் பொடித்துப் போட்டு, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்தால் அது கோப்டோ. நைஜரின் தெருவோரங்களில் விற்கும் அன்றாடச் சாப்பாடு. கடலை உருண்டைக்கும் கீரைப் பொரியலுக்கும் பழகிய நம் நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது.

முருங்கையின் புகழோடு ஒரு மிகையும் சேர்ந்து பரவியது. அதை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஞ்ஞானம் தெருவுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு அது நல்ல பாடம். ஆரஞ்சைப் போல 7 மடங்கு வைட்டமின் சி, பாலைப் போல 4 மடங்கு கால்சியம் என்று முருங்கைப் பொடி டப்பாக்களில் அச்சடித்திருப்பார்கள். இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது நம் நாட்டு ஆய்வகம் ஒன்று. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கி, பின்னர் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் சி. கோபாலன் குழுவினர் தயாரித்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில், 100 கிராம் பச்சை முருங்கைக் கீரையில் 220 மி.கி. வைட்டமின் சி, 440 மி.கி. கால்சியம் என்று இருக்கிறது. அதே அட்டவணையில் ஆரஞ்சுக்கு 30, பசும்பாலுக்கு 120. வகுத்துப் பாருங்கள், ஏழும் நாலும் வந்துவிடும். 1990-களின் இறுதியில் செனகல் நாட்டில் ஊட்டச்சத்துக் குறைபாட்டை எதிர்த்து வேலை செய்த லோவல் ஃபூக்லி, தம் நூலின் மூலம் இந்த ஒப்பீட்டை உலகெங்கும் கொண்டுபோனார். அவர் நோக்கம் நல்லது. கீரையைப் பற்றிய அந்த எண்களும் ஓர் அட்டவணையிலிருந்து வந்தவைதான்.

பச்சைக் கீரைக்கான எண்ணைப் பொடி டப்பாவில் ஒட்டியதில்தான் தவறு. கீரையில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்த்தினால் நான்கு கிலோ ஒரு கிலோவாகும். புரதமும் கால்சியமும் செறிந்து நிற்கும். வைட்டமின் சி வெயிலிலும் காற்றிலும் அழிந்துவிடும். ஃபூக்லியின் அட்டவணையிலேயே 100 கிராம் பொடியில் வைட்டமின் சி 17.3 மி.கி. என்றுதான் இருக்கிறது. பொடியை யாரும் 100 கிராம் தின்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி 8 கிராம் என்றால் அதில் வைட்டமின் சி 1.4 மி.கி.; ஒரு ஆரஞ்சுச் சுளைக்கே ஈடாகாது. கால்சியம் சுமார் 160 மி.கி. கிடைக்கும், 200 மில்லி பாலில் 240. பாலைப் போல 17 மடங்கு என்று எழுதுவோர், தண்ணீர் நிறைந்த பாலையும் தண்ணீர் நீக்கிய பொடியையும் எடைக்கு எடை ஒப்பிடுகிறார்கள். இதற்கிடையே அதே ஐதராபாத் நிறுவனம் 2017-ல் புதிய அட்டவணை வெளியிட்டது. அதில் பச்சைக் கீரையின் வைட்டமின் சி 108 மி.கி. அளவிலும், கால்சியம் 314 மி.கி. அளவிலும் வருகின்றன. மண், பருவம், இலையின் வயது, அளக்கும் முறை எல்லாம் இதில் விளையாடும். இவ்வளவு கழித்த பிறகும் முருங்கைக் கீரை அருமையான உணவுதான். அதைப் பறித்த அன்றே ஆய்ந்து, அதிகம் வேகவிடாமல் பொரியலோ கூட்டோ செய்து சாப்பிடுகிற தேனி மாவட்டத்து வீட்டுக்கு, டப்பாவில் அடைத்த பொடி எதையும் கூட்டித் தரப்போவதில்லை.

முருங்கை விதையால் கலங்கல் நீரைத் தெளியவைக்கலாம் என்பதும் ஆராய்ச்சி சொன்னது. சூடானில் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரில் விதைப்பொடி கலக்குவதைக் கண்ட சமியா அல் அசாரியா ஜான், 1970-களிலிருந்து அதை ஆராய்ந்தார். விதையில் உள்ள ஒரு புரதத்துக்கு நேர்மின்னூட்டம்; சேற்றுத் துகளுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக் கனத்துக் கீழே படிகின்றன. தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்த நம் பாட்டிமாருக்கு இதில் ஆச்சரியம் இராது. கிருமிகளில் பெரும்பகுதி சேற்றோடு இறங்கினாலும் முழுதும் போவதில்லை. விதையின் கரிமப் பொருள் நீரில் தங்குவதால் அந்தத் தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இனி பாக்கிக் கணக்குக்கு வருகிறேன். ஒரே ரகம் எங்கும் நிறைந்தால் என்ன ஆகும் என்பதைக் காண வேறெங்கும் போக வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தலே போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். ஆண்டு முழுதும் எங்கேயாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும் பெருமை உடையது. குச்சி நட்டு வளர்ப்பதால் பள்ளத்தாக்கின் கொடிகள் அனைத்தும் மரபு ரீதியில் ஏறக்குறைய ஒரே செடி. ஒன்றைத் தாக்கத் தெரிந்த பூஞ்சை எல்லாவற்றையும் தாக்கும். அடிச்சாம்பல் நோய் மழைநாளில் இறங்கினால் மருந்தடிப்புக்கு ஓய்வு கிடையாது. அங்கே இன்றும் அடிக்கும் போர்டோ கலவை ஒரு பேராசிரியரின் கண்டுபிடிப்பு. பிரான்சின் போர்டோ நகரில் தாவரவியல் கற்பித்த மில்லார்டே, சாலையோரம் திருடர்களுக்கு அஞ்சி மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்த கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதைக் கவனித்து, 1885-ல் அதை உலகுக்குச் சொன்னார். பயனுள்ள மருந்துதான், ஆனால் செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மக்காது. ஆனைமலையன்பட்டியில் 2012-ல் அமைந்த திராட்சை ஆராய்ச்சி நிலையம் இந்தச் சுமைகளைக் குறைக்கத்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் தாங்கும் டாக்ரிட்ஜ் என்ற காட்டு இன வேரின் மேல் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டும் முறையும் பள்ளத்தாக்குக்குத் தேவையான ஒன்று. வேரில் வேற்றினம் வந்தால் நிலத்தின் சிக்கல்களுக்கு விடை கிடைக்கிறது. பன்முகத்தன்மை என்பது அழகுக்காக அல்ல என்பதைத் திராட்சைக்காரர்கள் கைக்காசு செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள்.

முருங்கையிலும் அந்த நிலை வரலாம். செடி முருங்கை பரவப் பரவ, யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, கொடிக்கால் முருங்கை, பால் முருங்கை, புன முருங்கை என்று ஊருக்கு ஒன்றாக இருந்த மர முருங்கைகள் வீட்டுக் கொல்லைகளுக்குச் சுருங்கிவிட்டன. கொல்லையில் வீடு எழும்பினால் அதுவும் போய்விடும். காய் ஈயும் மொட்டுப் புழுவும் கம்பளிப்பூச்சியும் தாக்கும்போது, அவற்றை எதிர்த்து நிற்கும் குணம் எந்தப் பழைய மரத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேட, முதலில் அந்த மரம் இருக்க வேண்டும். மரம் போத்தில் வாழ்வது. விதை வங்கியின் குளிர்பெட்டியில் அதை அப்படியே சேமிக்க முடியாது. மண்ணில் நட்டுத்தான் காக்க வேண்டும். 2001-ல் இந்தியா இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தந்தது. ஒரு ரகத்தைக் காத்துவந்த சமூகத்துக்கு அங்கீகாரமும் பயனில் பங்கும் உண்டு என்றும் சொன்னது. எப்போதும்வென்றானிலிருந்து ரகம் எடுக்கப்பட்ட காலத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இப்போது இருக்கிறது. அன்னஞ்சியிலும் எண்டப்புளியிலும் தாய் ரகங்களுக்கென்று ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு தோட்டம் வைப்பது பல்கலைக்கழகத்துக்குப் பெரிய செலவாகாது.

விதையின் தூய்மை இன்னொரு கவலை. பை கட்டி ஆறு தலைமுறை காத்த தூய்மையைத் தச்சன் வண்டு ஒரே பருவத்தில் கலைத்துவிடும். பக்கத்து வேலியில் நாட்டு முருங்கை பூத்திருக்கும் தோட்டத்தில் எடுத்த விதையையும் பி.கே.எம்.-1 என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். உள்ளூரிலும் இது நடக்கிறது, வெளிநாட்டிலும் நடக்கிறது. மூன்றாம் தலைமுறையில் விவசாயி ஏமாந்து, ரகத்தின் மேல் பழி போடுகிறார். விதைக்கென்று எடுப்பதாயிருந்தால் தனித்து நிற்கும் தோட்டம் வேண்டும். அல்லது இரண்டு மூன்று நல்ல செடிகளின் பூங்கொத்துக்காவது பை கட்ட வேண்டும். ஆண்டிபட்டியில் எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய வேலைதான் இது. செய்து காட்ட ஒருவர் வர வேண்டும், அவ்வளவே.

கடைசியாக, விலை. பங்குனி, சித்திரையில் எல்லாச் செடியும் ஒன்றாகக் காய்க்கும். அப்போது கமிஷன் கடையில் கிலோவுக்குக் கிடைப்பது பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் காணாது. காயைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்து காய் அருகும்போது அதே காய் நூறு ரூபாயைத் தாண்டும். தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி, அரியலூர், திருப்பூர், மதுரை மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது; இலைப்பொடிக்கு வெளிநாட்டில் கேட்பு உண்டு. ஆனால் பி.கே.எம்.-1 காய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செடி. இலைக்காக வளர்ப்பவருக்குப் பூப்பதே நஷ்டம். அவருக்கு வேண்டியது வெட்ட வெட்டத் துளிர்க்கிற, தாமதமாகப் பூக்கிற, இலைக்காம்பு மெலிந்த வேறொரு தேர்வு. கவாத்துக் காலத்தை மாற்றிக் காய்ப்பைக் கார்த்திகைக்குத் தள்ள முடியுமா, மழையில் உதிராத பூ எந்த நாட்டு மரத்திலாவது இருக்கிறதா, நிழலில் உலர்த்தினால் பொடியில் எவ்வளவு சத்து மிஞ்சும், சூரிய உலர்த்தியில் எவ்வளவு என்ற கேள்விகளும் பெரியகுளத்தின் முன்னால் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மறுபடி பத்தாண்டு ஆகலாம். அதற்கான சம்பளத்தையும் நிலத்தையும் அரசு இப்போதே ஒதுக்க வேண்டும்.